வெண்டைக்காய்ப் பூ

பொங்கல் நெருங்குகிறது. சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கியபொழுது அம்மையார் ஒருவர் நம்மை நிறுத்தினார். பெங்களூரில் வாடகை வீட்டில் குடியிருப்பவர். இப்பகுதியைத் தவறாது படிப்பவர். "பிள்ளைகள் சுவரில் பூப்போட வேண்டும் என்று துளைத்தெடுக்கிறார்கள். வீட்டுக்காரரோ ஆணி ஒன்று அடித்தாலும் அட்வான்சில் பிடித்துக்கொள்வேன் என்கிறார். இதற்கு ஒரு வழி எழுதக்கூடாதா?" என்று கேட்டார். எழுதுகிறோம் என்று வாக்களித்துவிட்டு ரயிலேறினோம். மாரிக்குப்பம் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியும் நம்முடன் பிரயாணம் செய்தது. சுவர்ப்பூ விஷயத்தில் நமக்கே ஒரு பழைய கணக்கு நேராகாமல் கிடக்கிறது. அதையும் சேர்த்தே இம்மாதம் எழுதிவிட எண்ணுகிறோம்.

ரயில்வே எழுத்தனுக்குச் சுவர் அலங்காரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. பார்சல் அலுவலகத்தில் நாளெல்லாம் முத்திரை குத்துவது நம் பிழைப்பு. மை மிகுந்தால் எழுத்து வீங்கும். குறைந்தால் பாதிதான் தெரியும். ஓங்கிக் குத்தினால் ஓரமெல்லாம் கறைபடும். பத்தாண்டுப் பணியில் நாம் கற்ற கல்வி இவ்வளவே. நம் ஆயா எழுத்தறியாதவர். ஆனால் இவற்றையெல்லாம் நமக்கு முன்பே நன்கு அறிந்திருந்தார். ஆயா என்று நாம் சொல்வது தந்தையைப் பெற்ற பாட்டியாரை. மைன்சில் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வெளியூர் நேயர்கட்காகச் சொன்னோம்.

ஆயா 1954-இல் வடார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணப்பெண்ணாக மைசூர் மைன்சுக்கு வந்தார். முதலில் கிடைத்தது மூங்கில் தட்டிச் சுவர் கொண்ட வீடு. தட்டியின்மேல் மண்ணைப் பூசினாலும் அது காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். அதில் பூவேது, கோலமேது? சில ஆண்டுகள் கழித்தே கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய லைன் வீடு ஒன்று குடும்பத்துக்கு வாய்த்தது. பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, மேலே தகரக் கூரை, முன்னால் ஒரு சாய்ப்பு. நான்கு சுவர்களும் கம்பெனிக்குச் சொந்தம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார், 1956-இல் மைசூர் அரசினர், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தார் என்று உடையவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தைக்கும் அச்சுவர்களைத் தொட்டு மெழுகியவர் மட்டும் மாறவில்லை.

மெழுகாமல் இருக்கவும் முடியாது. கல்லை இடித்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய சயனைடு மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் மலை மலையாக நம் ஊரில் குவிந்து கிடப்பதை அறிவீர்கள். வெயிற்காலக் காற்றில் அந்தத் தூள் வந்து சுவரில் படியும். மழைக்காலத்தில் தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் நீர் அதைக் கோடு கோடாக இழுத்துவிடும். இது போதாதென்று, சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும், அடுக்குப் பானை உருளும், சுவர் விரியும். ஆகவே மார்கழி முடிவதற்குள் சுண்ணாம்பு காணாத வீடு லைனில் ஒன்றும் இராது. விரிசலை ஆயா மண்ணால் அடைப்பார். அடைத்த தழும்பு தெரியுமே! அதன்மேல் பச்சைக் கொடி ஒன்றை இழுத்து, இருபுறமும் பூவை ஒற்றிவிடுவார். விரிசல் எவ்வழி சென்றதோ அவ்வழியே கொடியும் சென்றது. கொடி ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது என்று சிறுவயதில் நாம் கேட்டதுண்டு. "கொடி நேராப் போனா அது குச்சி" என்றார் ஆயா.

பூவுக்கு அச்சு வெண்டைக்காய். முற்றிய காயைக் காம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்துக் குறுக்கே அறுக்க வேண்டும். வெட்டுவாயில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று தானே அமைந்திருக்கும். காம்பே கைப்பிடி. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறைவடிவில் வரிசையான கண்ணறைகள் கிடைக்கும். இரண்டு பிறைகளை எதிரெதிராக ஒற்றினால் அது வேறொரு மலர். பாதி வெங்காயம் வட்டத்துள் வட்டம் தரும். திரிபோல் இறுகச் சுருட்டிய துணி புள்ளிக்கு உதவும். கிறித்தவ வீடுகளில் உருளைக்கிழங்கில் நட்சத்திரம் வெட்டி மார்கழியிலேயே சுவரை முடித்துவிடுவார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கம் வேரூன்றிய ஊரல்லவா நம்முடையது? அந்த மரபில் வந்த அண்டை வீட்டார் அரசிலையின் முதுகில் காவியைத் தடவிச் சுவரில் ஒற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். இலையின் நரம்பு ஒவ்வொன்றும் பதியும். எந்தத் தச்சனும் அவ்வளவு நுட்பமாகச் செதுக்க மாட்டான்.

அச்சை வண்ணத்தில் முக்கக்கூடாது. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துத் தட்டில் இட்டு, அதன்மேல் வண்ணத்தை ஊற்றி ஊறவிட வேண்டும். அலுவலகத்து மைப்பெட்டியும் இதே தத்துவந்தான். அந்தத் துணியில் அச்சைத் தொட்டு, சுவரில் வைத்து, எடுத்துவிட வேண்டும். "அழுத்தாதே கண்ணு, ஒத்து" என்பார் ஆயா. ஏடு இதையே ஒற்று என்று எழுதும். கண்ணீரை ஒற்றுகிறோம், புண்ணை ஒற்றுகிறோம். அந்த ஒற்றல்தான் சுவருக்கும் வேண்டும். அழுத்தினால் வெண்டைக்காய் நசுங்கி, அடுத்த பூ பூவாக இராது.

இது நம்மவர்க்குப் புதிய வித்தையன்று. கண்ணன் பிறந்தநாளில் கையை மடக்கி, அதன் விளிம்பை அரிசிமாவில் தோய்த்துத் தரையில் பதித்துப் பிள்ளைக் கால் அமைக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் விலாவில் வட்ட மூடியைக் காவியில் தோய்த்துக் குத்துகிறார்கள். உலகக் கணக்கில் பார்த்தால் மனிதன் முதன்முதலில் பயன்படுத்திய அச்சுகளில் ஒன்று அவன் கைதான். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைப்பாறையில் யாரோ கையை வைத்து, சுற்றிலும் செங்காவியை ஊதி, கையின் வடிவை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ஆம் ஆண்டு அறிஞர்கள் கணித்து வெளியிட்டார்கள்.

ஆனால் நம் வீட்டுச் சுவரில் மட்டும் கை பதிந்ததில்லை. ஆயாவின் மாமனார் அதற்கு இசையவில்லையாம். அவர் 1930-ஆம் ஆண்டைக் கண்டவர். தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து அவ்வாண்டு தங்கவயல் முழுதும் மூன்று வாரம் வேலை நின்றது. அந்த வரலாற்றைத் தனியே ஒரு மாதம் எழுத வேண்டும். கைரேகை என்றாலே முதியவர்க்கு அதுதான் நினைவு. புதுப்பெண்ணாகிய ஆயா மஞ்சள் தோய்ந்த கையுடன் சுவரை அணுகியபோது, "கையை எங்கேயும் பதிக்காதே அம்மா. காய்கறி எத்தனை இருக்கிறது" என்று தடுத்தாராம். வெண்டைக்காய் நம் குடும்பத்துக்குள் நுழைந்த கதை இதுவே.

நம் தாயார் 1985-இல் மருமகளாக வந்தார். வரும்போதே ஒரு புதுமையையும் கொண்டுவந்தார்: ரப்பர்ச் செருப்பின் அடியை அறுத்து, பிளேடால் மாங்காய் வடிவம் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டிய அச்சு. வெண்டைக்காய் அரை நாளில் வாடிவிடும். ரப்பர் பல பொங்கல் காணும். மேலும் ரப்பர் சற்றே அமுங்கிக்கொடுப்பதால் மேடுபள்ளமான சுவரிலும் முழுதாகப் பதியும். இந்த நியாயங்கள் எதுவும் ஆயாவிடம் செல்லவில்லை. "செருப்பைக் கொண்டுவந்து சுவரில் வைப்பதா?" என்று இரண்டு நாள் அடுப்பங்கரையில் பேச்சில்லை. காலில் படாத புதுச் செருப்பு என்று தாயார் சத்தியம் செய்தபின், ஆளுக்கு இரண்டு சுவர் என்று பாகம் பிரிந்தது. இரு நாட்டு எல்லைபோல் மூலையில் ஒரு காவிக்கோடு! நாம் பிறந்து வளர்ந்து பார்த்தது அந்த வீட்டைத்தான்.

இனி நம் கணக்குக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு, சேமிப்பும் கடனும் சேர்ந்து கையில் சிறிது பணம் இருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசி, கடையில் விற்கும் பளபளப்பான பெயிண்டை அடித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். யாரையும் கேட்கவில்லை. ஆயா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தாயாரிடம் முடிவைச் சொன்னபோது, "உன் இஷ்டம்பா" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று சொற்களின் பொருள் தெரியாதவர் தமிழ்நாட்டுத் தாயிடம் வளர்ந்திருக்க மாட்டார். நமக்கும் தெரிந்தது, தெரியாததுபோல் வேலைக்குப் போய்விட்டோம்.

மாலையில் திரும்பியபோது மூன்று சுவர்கள் கல்லும் மண்ணுமாக நின்றன. தரையெங்கும் சுண்ணாம்புச் சில்லுகள். தாயார் அவற்றின் நடுவே உட்கார்ந்து, ஒரு சில்லை எடுத்து நகத்தால் மெல்லப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பலகாரத்தின் ஏடுபோல் அது பிரிந்தது. ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் ஒரு பொங்கல். மேலே அவருடைய மாங்காய். அதன்கீழ் நீலப்பூ. அதன்கீழ் காவிப்பூ. ஒரு சில்லின் விளிம்பைப் பார்த்து நாமும் எண்ணத் தொடங்கி, முப்பத்தொன்று வரை எண்ணியபின் கண் மங்கிவிட்டது. தாயார் ஆண்டு சொல்லிக்கொண்டே வந்தார்: இது நீ பிறந்த வருஷம், இது உன் தம்பிக்கு அம்மை போட்ட வருஷம்.

ஓரிடத்தில் மட்டும் இரு பூவரிசைகளுக்கு இடையே வெள்ளை இல்லை. பழைய, மங்கிய சுண்ணாம்பின்மேலேயே செம்மண் குழம்பால் ஒற்றிய பூக்கள். ஏன் என்று கேட்க வாயெடுத்து, நாமே கணக்கிட்டு நிறுத்திக்கொண்டோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு அடுத்த பொங்கலுக்கு நம் வீட்டில் சுண்ணாம்பு வாங்கவில்லை. செம்மண்ணுக்குக் காசு வேண்டியதில்லை. நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பொங்கலில் கரும்பு இல்லை என்று நாம் அழுதது நினைவிருக்கிறது. சுவரில் பூ இருந்தது என்பது சுத்தமாக நினைவில் இல்லை.

மறுநாள் மேஸ்திரி வந்து, "நாலாவது சுவரைத் தொடலாமா சார்?" என்றார். வேண்டா என்றோம். பாதி வீட்டுக்குச் சிமெண்டு, பாதிக்குச் சுண்ணாம்பா என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி என்னும் பேராசிரியர் 1931-ஆம் ஆண்டு கண்டறிந்தார் என்று படித்திருக்கிறோம். அதனோடு நம் லைன் வீட்டை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது தெரியும். ஆனால் ஒரு பூச்சின்கீழ் இன்னொரு பூச்சு எவ்வாறு அழியாமல் நிற்கிறது என்ற இரகசியம் இரண்டுக்கும் பொது. நீற்றிய சுண்ணாம்பு காயும்பொழுது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லக் கல்லாக மாறுகிறது. சுவர் ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை ஒற்றினால், அந்தக் கல் வண்ணத்தையும் தன்னுள் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் ஒற்றினால் வெறுந்தூளாக மேலே நிற்கும். தோள் உரசினால் சட்டைக்கு வந்துவிடும். ஆயா காலையில் சுண்ணாம்பு அடித்து, அன்று பிற்பகலே பூவை முடித்துவிடுவார். நாளைக்கு என்று வைத்ததில்லை.

எல்லா வண்ணமும் சுண்ணாம்புக்கு இசையாது. காவியும் செம்மண்ணும் என்றும் நிற்கும். விளக்குக் கரியும் அப்படியே. மஞ்சள்தூள் சுண்ணாம்பு பட்டவுடன் ஆலம்போல் சிவந்துவிடும். பின்னர் வெயிலில் அந்தச் சிவப்பும் போய்விடும். துணிக்குப் போடும் பொடிநீலம் நன்றாக நிற்கும். ஒரு காலத்தில் அந்நீலத்தை விலையுயர்ந்த கல்லை அரைத்தே பெற்றார்கள்; 1828-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டவர் கீமே அதைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டபின்தான் ஏழை வீட்டுச் சுவருக்கு வானத்து நிறம் கிடைத்தது. இப்பொழுது புட்டியில் வரும் சொட்டுநீலம் வேறு சாயம். அதை நம்பிச் சுவரில் இறங்காதீர்கள். சுண்ணாம்பில் சிறிது அரிசிக்கஞ்சி சேர்த்தால் பிடிப்பு வரும். பிள்ளைகள் அருகில் இருந்தால் கவனம் தேவை. நீற்றும் பானையிடம் அவர்களை விடலாகாது. கண்ணில் தெறித்துவிட்டால் தாமதமின்றி நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வரிசை கோணாதிருக்க, நூலைக் காவியில் நனைத்து, இருவர் இருமுனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுங்கள். பத்தடிச் சுவர் 120 அங்குலம். அச்சு 3 அங்குலம், இடைவெளி 2 அங்குலம் என்றால் 24 பூக்கள் சரியாக அமையும். கணக்கிடாமல் மூலையிலிருந்து தொடங்கினால் மறுமூலையில் அரைப்பூ நின்று ஆண்டு முழுதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதுவும் அனுபவந்தான்.

கேள்வி கேட்ட அம்மையார் இன்னும் காத்திருக்கிறார். வாடகை வீட்டுக்கு மேற்சொன்ன எதுவும் ஆகாது. சுண்ணாம்பும் காவியும் எமல்ஷன் சுவரில் பட்டால் அட்வான்சு போனதுதான். இங்கிலாந்தில் 1712-ஆம் ஆண்டு, சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்துக்கு அரசாங்கம் வரி விதித்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகக் காகிதத்தில் முத்திரை குத்துவார்கள். 1806-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முத்திரையைப் போலியாகச் செய்தவனுக்குத் தூக்குத் தண்டனை. முத்திரை குத்தும் நமக்கு இதைப் படித்தபோது கை நடுங்கியது. வரி 1836-இல்தான் நீங்கியது. அதுவரை மக்கள் என் செய்தார்கள்? வரியில்லாத வெறுங்காகிதத்தை வாங்கி ஒட்டி, அதன்மேல் தாமே பூப்போட்டுக்கொண்டவர் பலர். பூப்போடாத காகிதத்தில் வரி இல்லை. தமிழில் இச்சொல்லுக்குக் கோடு என்றும் பொருள் உண்டாதலால் இரு வகையிலும் உண்மை.

அம்மையாரும் அதையே செய்யலாம். சுவரைத் தொட வேண்டா. தடித்த பழுப்புக் காகிதத்தையோ, பழைய வெள்ளை வேட்டியையோ சுவரளவு நீட்டி, தரையில் விரித்து, பிள்ளைகளை விட்டு ஒற்றச் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் போஸ்டர் கலர் போதும். காய்ந்தபின் மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்து, சன்னற் கம்பியிலோ கதவின் மேற்சட்டத்திலோ கட்டித் தொங்கவிடலாம். ஆணி வேண்டுவதில்லை. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம். சுவரிலேயே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அரிசிமாவை மட்டும் நீர்த்தோசை மாவின் பதத்தில் அரைத்து, நிறமுள்ள சுவரில் வெள்ளைப்பூ ஒற்றலாம். எமல்ஷன் சுவராயின் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்; எனினும் கதவுக்குப் பின்னால் ஒரு பூவை ஒற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள், குங்குமம், காவி மூன்றையும் அந்தச் சுவர்ப்பக்கமே கொண்டுபோகலாகாது. நிழலுக்குத்தான் பயப்பட வேண்டும். சுத்தமாகத் துடைத்த இடமும் மற்ற இடத்தைவிட வெளுத்துக் காட்டும். ஆதலால் முடிவில் சுவர் முழுதையும் ஒருமுறை துடைத்துவிடுக.

நம் வீட்டில் மூன்று சிமெண்டுச் சுவர்களும் இப்போது பளபளவென்று இருக்கின்றன, தூசியும் நிற்பதில்லை. பெயிண்டை நாம் குறை சொல்லவில்லை. நான்காவது சுவருக்கு இத்தைக்குச் சுண்ணாம்பு வாங்கியாயிற்று. நம் மகளுக்கு ஆறு வயது. தாயார் அவளுக்காகப் புதுச் செருப்பு ஒன்றை அறுத்து வைத்திருக்கிறார். அவளோ, கொள்ளுப்பாட்டியின் பூதான் வேண்டும் என்கிறாள். இருவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. நாம் குறுக்கிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்குப் போகும்போது வெண்டைக்காய் வாங்கி வரும்படி மட்டும் நமக்குக் கட்டளை. முற்றலாகப் பார்த்து வாங்க வேண்டும். சாம்பாருக்கு ஆகாதென்று கடைக்காரர் ஒதுக்கி வைத்திருப்பதே நல்லது.